2147483647: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த எண்ணை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே?

பார்த்திருப்பீர்கள். நான் முதன்முதலில் பார்த்தது ஒரு கடையின் வாடிக்கையாளர் பட்டியலில். தெரிந்தவர் ஒருவரின் கடைக்கு ஒரு பையன் பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தான். தீபாவளித் தள்ளுபடி பற்றி எல்லோருக்கும் எஸ்எம்எஸ் அனுப்பலாம் என்று பட்டியலைத் திறந்தால், ஐந்நூறு சொச்சம் பேரில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒரே கைப்பேசி எண்: 2147483647. "யாரு சார் இந்த ஆளு, எல்லார் பேர்லயும் வாங்கிட்டுப் போயிருக்கான்?" என்று கடைக்காரர் கேட்டார்.

ஆள் யாருமில்லை. பையன் தொலைபேசி எண்ணுக்கான கட்டத்தை 'இன்ட்' என்ற வகையில் வைத்திருந்தான். அந்த வகைக் கட்டத்தில் அதிகபட்சம் 2147483647 வரைதான் எழுத முடியும். நம் நாட்டுக் கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். ஆகவே ஒன்றுகூட உள்ளே அடங்காது. பட்டியலைச் சேமித்து வைக்கும் தரவுத்தள மென்பொருள் மைஎஸ்கியூஎல்; கண்டிப்பு முறை போடாத அதன் பழைய வடிவம், பெரிய எண் வந்தால் கத்தாது. 'என்னால் முடிந்தது இவ்வளவுதான்' என்று தன் உச்ச எண்ணை எழுதிவிட்டு ஓர் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்ளும். அந்த எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்?

லேண்ட்லைனிலும் வேடிக்கை உண்டு. டெல்லியின் குறியீடு 11, அதனால் டெல்லி எண் அடங்கிவிடும். மும்பை 22, சென்னை 44, இரண்டும் அடங்காது. அமெரிக்காவில் 214 என்பது டாலஸ் நகரத்தின் குறியீடு. அதனால் அங்கே இந்த எண் நிஜமான தொலைபேசி எண் போலவே தோன்றும். தவறு நடந்திருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாமல் போகும்.

இதை எப்படி வாசிப்பது?

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. இலங்கையில் என்றால் இரண்டு பில்லியன் நூற்று நாற்பத்தேழு மில்லியன் என்று தொடங்குவார்கள். வசதியான பெயர் இன்னொன்று இருக்கிறது: 2³¹ − 1. இரண்டை முப்பத்தொரு தடவை பெருக்கி ஒன்றைக் கழிப்பது. இந்தப் பக்கத்தில் வரும் எல்லாமே அந்தச் சின்ன வடிவத்திலிருந்துதான் வருகிறது.

கணினிக்கு ஏன் இந்த விநோத எல்லை? இருநூறு கோடி என்று வைத்திருக்கலாமே?

கணினிக்கு இது விநோதமே இல்லை. 32 ஸ்விட்சுகள் (கணினிக்காரர்கள் 'பிட்' என்பார்கள்) வரிசையாக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஸ்விட்ச், எண் மிகையா குறையா என்று சொல்ல. மீதி 31. எல்லாவற்றையும் போட்டால் 1 + 2 + 4 + 8 என்று போய் 2³⁰ வரை கூட்ட வேண்டும். கூட்டினால் வருவது 2³¹ − 1. இரும முறையில் இந்த எண் முப்பத்தொரு 1-கள், நடுவில் ஒரு பூஜ்ஜியம்கூடக் கிடையாது. எட்டடிமான முறையில் ஒரு 1-உம் பத்து 7-களும். பத்தடிமானத்தில் எழுதும்போதுதான் தாறுமாறாகத் தெரிகிறது. அது நமக்குப் பத்து விரல் இருப்பதன் கோளாறு.

அதோடு ஒன்றைக் கூட்டினால் என்ன ஆகும்?

ஜாவா போன்ற கணினி மொழிகளில் −2147483648 என்று வரும். ஸ்கூட்டர் மீட்டர் 99999-இலிருந்து 00000-க்குத் திரும்புவது போலத்தான், ஆனால் இங்கே பூஜ்ஜியத்துக்குத் திரும்பாமல் குறை எண்களின் அடிமட்டத்துக்குப் போய் விழுகிறது. மிகைப் பக்கத்தைவிடக் குறைப் பக்கத்தில் ஓர் எண் அதிகம் இருப்பதைக் கவனியுங்கள். அதனால், ஜாவாவில் −2147483648-இன் குறைக் குறியை நீக்கச் சொன்னால் மறுபடியும் −2147483648 என்றே பதில் வரும். குறியை நீக்கினால் வர வேண்டிய எண்ணுக்கு அங்கே இடமே இல்லை.

இது பகா எண் என்கிறார்களே, நிச்சயமா?

நிச்சயம். (இலங்கைப் பாடப்புத்தகம் படித்தவர்களுக்கு: முதன்மை எண்.) ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாது. இதை 1772-இல் நிறுவியவர் கணிதர் லெயோனார்டு ஆய்லர். அப்போது அவர் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார், வயது அறுபத்தைந்தை ஒட்டி, கண்பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. பெர்னூலி குடும்பத்தில் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் முடிவைச் சொல்லியிருக்கிறார்.

எப்படிச் செய்தார் என்பதுதான் இதில் ருசியான பகுதி, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சாதாரண வழி: வர்க்க மூலம் வரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்ப்பது. 2147483647-இன் வர்க்க மூலம் 46340-க்குச் சற்று மேல். அதுவரை உள்ள பகா எண்கள் நாலாயிரத்து எழுநூறுக்கும் அதிகம். கையால் அத்தனை நீள் வகுத்தல் என்றால் மாதக்கணக்கு ஆகும்.

ஆய்லர் பெரும்பகுதியை வகுக்காமலேயே தள்ளிவிட்டார். ஒரு பகா எண் நம் எண்ணை வகுக்கிறது என்று வைப்போம். அதன் பெயர் 'ப'. அப்படியானால் 2³¹-ஐ ப-ஆல் வகுத்தால் மீதி 1. இரண்டின் அடுக்குகளை ஒவ்வொன்றாக ப-ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதிக்கொண்டே போனால், அது ஒரு சுற்றாகத் திரும்பத் திரும்ப வரும். அந்தச் சுற்றின் நீளம் 31-ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண்ணாயிற்றே, அதனால் சுற்றின் நீளம் சரியாக 31. அதே நீளம் ப − 1 என்ற எண்ணையும் வகுத்தாக வேண்டும் என்பது ஃபெர்மாவின் பழைய தேற்றம். ஆக, ப − 1 என்பது 31-இன் மடங்கு. 'ப' ஒற்றைப்படை, அதனால் ப − 1 இரட்டைப்படை. இரண்டையும் சேர்த்தால், ப − 1 என்பது 62-இன் மடங்கு.

நம்பிக்கை வராவிட்டால் சின்ன உதாரணத்தில் பாருங்கள். 2¹¹ − 1 = 2047 = 23 × 89. ஒன்று குறைத்தால் 22, 88. இரண்டும் 22-இன் மடங்கு.

இன்னொரு வடிகட்டியும் உண்டு. 2³¹ மீதி 1 தந்தால் 2³² மீதி 2 தரும். 2³² என்பது 65536-இன் வர்க்கம். அதாவது ப-ஆல் வகுக்கும் உலகில் 2 ஒரு வர்க்க எண்ணாக நடந்துகொள்கிறது. அது எப்போது நடக்கும் என்றால், ப-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும்போது மட்டும். இந்த இரண்டு நிபந்தனையையும் இணைத்தால், 'ப' என்பதை 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 வர வேண்டும். வேறு எந்தப் பகா எண்ணும் கிட்டவே வர முடியாது.

46340 வரை அப்படிப்பட்ட எண்கள் எத்தனை? மீதி 1 வருபவை 249, 497, 745 என்று 186. மீதி 63 வருபவை 311, 559, 807 என்று, 63-ஐ விட்டுவிட்டால், அங்கேயும் 186. மொத்தம் 372. இவற்றிலும் 249 மூன்றால் வகுபடும், 497 ஏழால், 559 பதின்மூன்றால். இப்படிக் கழித்துக்கொண்டே போனால் மிஞ்சும் பகா எண்கள் நூறுகூட வராது. முதலில் நிற்பது 311. வகுத்துப் பாருங்கள்: 311 × 6905092 = 2147483612, மீதி 35. அடுத்தது 1303, மீதி 226. அதற்கடுத்து 1489, மீதி 199. கடைசிவரை ஒன்றிலும் பூஜ்ஜியம் வரவில்லை. அவ்வளவுதான் நிரூபணம்.

ஆய்லருக்கு முன்னால் யாருக்கும் தெரியாதா?

'தெரியும்' என்று சொன்னவர்கள் இருந்தார்கள். இத்தாலியின் பியத்ரோ கத்தால்தி 2¹⁷ − 1, 2¹⁹ − 1 இரண்டையும் பொறுமையாக வகுத்துப் பார்த்துப் பகா எண் என்று நிறுவினார். அந்த உற்சாகத்தில் 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளுக்கும் அப்படியே என்று சொல்லிவிட்டார். நான்கில் 31 மட்டும்தான் தேறியது. 23-ஐயும் 37-ஐயும் 1640-இல் ஃபெர்மா உடைத்தார்; 29-ஐ 1738-இல் ஆய்லர்.

பிரான்சின் மரேன் மெர்சென் என்ற துறவி, 2-இன் எந்தெந்த அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் பகா எண் வரும் என்று 1644-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இதில் 67-உம் 257-உம் தப்பு. 61, 89, 107 மூன்றும் விட்டுப்போயின. இருந்தாலும் இவ்வகை எண்களுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. கணக்கில் சரியாகச் சொன்னவனைவிடத் துணிந்து பட்டியல் போட்டவனுக்குப் பெயர் கிடைப்பது இது ஒரு தடவை மட்டும் நடந்ததல்ல. நம் எண், மெர்சென் பகா எண்களின் வரிசையில் எட்டாவது. ஒன்பதாவதான 2⁶¹ − 1-ஐ 1883-இல் இவான் பெர்வூஷின் என்ற ரஷ்யப் பாதிரியார் நிறுவினார்.

எவ்வளவு காலம் 'மிகப் பெரிய பகா எண்' என்ற பட்டம் இதனிடம் இருந்தது?

வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு, 1772 முதல் 1867 வரை. அந்த ஆண்டு ஃபார்ச்சூனே லாண்ட்ரி 2⁵⁹ − 1-ஐ 179951 × 3203431780337 என்று உடைத்தார். இரண்டாவது காரணி பகா எண், பதின்மூன்று இலக்கம். கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு அசையாமல் இருந்த பட்டம் அத்துடன் போயிற்று.

இடையில் 1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதர், இந்தப் பகா எண்ணிலிருந்து கிடைக்கும் நிறைவெண்ணைப் பற்றி எழுதும்போது, இதைவிடப் பெரியதை யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை என்று ஜோசியம் சொன்னார். இவையெல்லாம் வெறும் வேடிக்கை, பயன் ஒன்றும் இல்லை, எனவே யார் மெனக்கெடுவார்கள் என்பது அவர் வாதம். பயனில்லை என்றால் மனிதர்கள் விட்டுவிடுவார்கள் என்று நம்பியதுதான் அவர் செய்த பிழை. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். பயன் கேட்டால் இன்றும் பெரிதாகச் சொல்வதற்கில்லை.

நிறைவெண் என்றீர்களே, அது என்ன?

தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளைக் கூட்டினால் அதே எண் வர வேண்டும். 6 = 1 + 2 + 3. 28 = 1 + 2 + 4 + 7 + 14. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணுக்கும் ஒரு நிறைவெண் துணை உண்டு என்பது யூக்ளிட் காலத்துச் செய்தி. இரட்டைப்படை நிறைவெண் எதுவாக இருந்தாலும் அது இந்த வழியில்தான் வரும் என்று காட்டியது ஆய்லர். நம் எண்ணை 2³⁰-ஆல் பெருக்குங்கள்: 2305843008139952128. எட்டாவது நிறைவெண்.

நம் எண்ணோ நிறைவெண் அல்ல, அதற்கு நேர் எதிர். பகா எண் என்பதால் அதன் சிறு வகுத்தி 1 மட்டுமே. ஆகவே குறைவெண் என்ற கூட்டத்தில் சேரும்.

வேறு எந்தெந்த வகைகளில் இது வரும்?

நிறைய. எனக்குப் பிடித்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

இரட்டை மெர்சென் பகா எண். அடுக்கில் இருக்கும் 31-உம் மெர்சென் பகா எண்தான் (2⁵ − 1). அடுக்கே மெர்சென் பகா எண்ணாக அமைந்து, அதிலிருந்து மறுபடியும் பகா எண் கிடைப்பது அபூர்வம். இதுவரை தெரிந்தவை நான்கே: 7, 127, நம் எண், 2¹²⁷ − 1.

தனித்த பகா எண். பக்கத்தில் இரண்டு தள்ளி, அதாவது 11, 13 மாதிரி, ஜோடி இல்லை. 2147483645 ஐந்தால் வகுபடும், 2147483649 மூன்றால் வகுபடும். முந்தைய பகா எண் 2147483629, அடுத்தது 2147483659. பகா எண்களை 2, 3, 5 என்று வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தால் நம்முடையது 10,50,97,565-ஆவது.

நான்கு வர்க்கங்கள் தேவைப்படும் எண். எந்த முழு எண்ணையும் அதிகபட்சம் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதிவிடலாம் என்பது லாக்ராஞ்சின் தேற்றம். பல எண்களுக்கு இரண்டோ மூன்றோ போதும். எட்டால் வகுத்தால் மீதி 7 வரும் எண்களுக்கு மூன்று ஒருபோதும் போதாது, நம் எண் அந்த ரகம். ஒரு வழி இதோ: 46339² + 425² + 10² + 1². கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் தாளில் இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

இதை ஒட்டியே இன்னொன்று. கற்பனை எண்களையும் சேர்த்துக்கொண்ட, காஸ் என்ற கணிதரின் முழு எண் உலகில் 5, 13 மாதிரி பகா எண்கள் உடைந்துவிடும், ஏனென்றால் அவை இரண்டு வர்க்கங்களின் கூட்டல். நம் எண் அங்கேயும் உடையாது.

இருமத்தில் முன்னும் பின்னும் ஒரே மாதிரி வாசிக்கப்படும், அதைச் சொல்லவே வேண்டாம். இருமத்தில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் 1-கள் இருக்கும் எண்களை ஆங்கிலத்தில் 'வெறுக்கத்தக்க எண்' என்பார்கள், இரட்டைப்படை என்றால் 'தீய எண்'. அந்த மொழியின் ஒற்றை, இரட்டை என்ற சொற்களோடு ஒலி ஒத்துப்போவதால் வந்த குறும்பு, வேறொன்றும் இல்லை. முப்பத்தொரு 1-கள் இருப்பதால் நம்முடையது வெறுக்கத்தக்கது.

எதிலெல்லாம் சேராது?

திருப்பி எழுதினால் 7463847412, இரட்டைப்படை. எனவே திருப்பினாலும் பகா எண்ணாக நிற்கும் கூட்டத்தில் இல்லை. இரட்டிப்பாக்கி ஒன்று கூட்டினால் 2³² − 1 வரும். அதுவும் பகா எண்ணாக இருந்திருந்தால் நம் எண் சோஃபி ஜெர்மேன் பகா எண் ஆகியிருக்கும். ஆனால் 2³² − 1 = 3 × 5 × 17 × 257 × 65537. ஃபெர்மா பகா எண் என்பவை 2-இன் 1, 2, 4, 8, 16 போன்ற அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் வரும் பகா எண்கள். தெரிந்த ஐந்தும் ஒரே இடத்தில் கூடி நிற்கின்றன, அதனால் எனக்கு இதில் வருத்தமில்லை. அளவுகோலும் காம்பஸும் மட்டும் கொண்டு 4294967295 பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தைக் கோட்பாட்டளவில் வரைந்துவிடலாம். 2147483647 பக்கங்கள் என்றால் முடியாது.

பகா எண்ணாக இருப்பதால்தான் கணினிக்காரர்கள் இதைத் தேர்ந்தெடுத்தார்களா?

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இதுதான், பதில் இல்லை என்பதுதான். யாரும் தேர்ந்தெடுக்கவே இல்லை. 32 பிட்டில் ஒன்றைக் குறிக்கு ஒதுக்கினால் தானாக வந்து விழும் எல்லை இது. 8 பிட் என்றால் 127, அது பகா எண். 16 பிட் என்றால் 32767, அது 7 × 31 × 151. 64 பிட் என்றால் 2⁶³ − 1, அது ஏழால் வகுபடும். அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டுமே 2-இன் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்த எண் பகா எண்ணாக வாய்ப்பு உண்டு. 15-உம் 63-உம் பகு எண்கள், ஆகவே அவற்றுக்கு வழியில்லை. 31-க்கு வாய்ப்பு இருந்தது, கூடியும் வந்தது. இணையத்தில் சிலர் இதில் ஏதோ ஆழமான திட்டம் இருப்பதாக எழுதுகிறார்கள். சுத்தத் தற்செயல்.

சரி, அப்படிக் கூடி வந்ததால் ஏதாவது லாபம் உண்டா?

உண்டு, சமவாய்ப்பு எண்கள் உருவாக்குவதில். ஓர் எண்ணை எடுத்து 16807-ஆல் பெருக்குங்கள், 2147483647-ஆல் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியை மறுபடி 16807-ஆல் பெருக்குங்கள். 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073, 984943658 என்று தலைகால் புரியாமல் போகும். 2147483646 தடவை ஓடி, 1 முதல் 2147483646 வரை எல்லா எண்ணையும் ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் 1-க்குத் திரும்பும்.

வகுக்கும் எண் பகா எண்ணாக இருந்தால்தான் இந்த முழுச் சுற்று கிடைக்கும். 16807 என்பது 7⁵. 7-இன் அடுக்குகள் ஒன்று விடாமல் எல்லா மீதியையும் தொடும், 7⁵-உம் அப்படியே. டி.எச். லெமரின் யோசனை இது. ஸ்டீபன் பார்க்கும் கீத் மில்லரும் 1988-இல் இந்த 16807 வடிவத்தைக் குறைந்தபட்சத் தரம் என்று முன்வைத்தார்கள். சரியாக எழுதியிருக்கிறோமா என்று பார்க்க அவர்கள் ஒரு சோதனையும் தந்தார்கள்: 1-இல் தொடங்கிப் பத்தாயிரமாவது படியில் 1043618065 வர வேண்டும். சி பிளஸ் பிளஸ் மொழியின் நூலகத்தில் இன்றும் இது இருக்கிறது. விளையாட்டுக்குப் பரவாயில்லை, கடவுச்சொல், ஓடிபி மாதிரி சமாச்சாரத்துக்கு இதைத் தொடாதீர்கள். ஓர் எண் தெரிந்தால் அடுத்தது தெரிந்துவிடும்.

இந்த எண்ணையே அடுக்காக வைத்து 2²¹⁴⁷⁴⁸³⁶⁴⁷ − 1 போட்டால் அதுவும் பகா எண்ணா?

நல்ல ஆசை. 31 பகா, 2³¹ − 1 பகா, அடுத்ததும் அப்படியே இருந்தால் அழகாக இருக்குமே என்று தோன்றும். அதை முழுதாக எழுத 64,64,56,993 இலக்கங்கள் வேண்டும். ஆனால் பகா எண் இல்லை. 1983-இல் அதற்கு ஒரு காரணி கண்டுபிடித்துவிட்டார்கள்: 295257526626031. மேலே ஆய்லர் வைத்த வடிகட்டி இங்கேயும் செல்லும். இந்தக் காரணியில் ஒன்றைக் கழித்தால் 2147483647-இன் சரியாக 137490 மடங்கு. 64 கோடி இலக்க எண்ணை எழுதாமலே அதன் காரணியைப் பிடிக்க முடிவது அதனால்தான்.

2038-இல் உலகம் முடியப்போகிறது என்று வாட்ஸாப்பில் வந்ததே?

உலகம் முடியாது. சில பழைய கடிகாரங்கள் குழம்பும். யூனிக்ஸ் வழிக் கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எத்தனை வினாடி ஆயிற்று என்று எண்ணி வைக்கின்றன. அந்த எண்ணை 32 பிட்டில் வைத்திருக்கும் இயந்திரங்களில் 2147483647-ஆவது வினாடி வருவது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. நம் நேரத்தில் காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடி, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 11:14:07. அடுத்த வினாடியில் எண் குறைப் பக்கம் விழுந்து, தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும்.

இப்போதைய கணினிகளும் கைப்பேசிகளும் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. கவலை எல்லாம் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவி, பழைய வண்டிகளின் மின்னணுப் பெட்டி போல, ஒரு தடவை மாட்டினால் இருபது வருஷம் யாரும் திறக்காத சாமான்கள் பற்றித்தான். தவிர, 2038 வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இருபது வருடக் கடன் ஒன்றின் கடைசித் தவணைத் தேதியைக் கணக்கிடும் நிரல் இன்றைக்கே அந்தக் கோட்டைத் தாண்டுகிறது.

நிஜமாகவே எங்காவது இந்த எல்லை இடித்திருக்கிறதா?

2014 டிசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' பாட்டின் பார்வை எண்ணிக்கை இதைத் தாண்டியது. இத்தனை தடவை ஒரு வீடியோ பார்க்கப்படும் என்று நினைக்கவில்லை என்று சொல்லி யூடியூப் அதைக் கொண்டாடியது. கணக்கியை அவர்கள் முன்னாலேயே 64 பிட்டுக்கு மாற்றிவிட்டதால் உண்மையில் எதுவும் உடையவில்லை.

போயிங் 787 விவகாரம் அப்படிச் சிரித்துவிட்டுப் போகக்கூடியதல்ல. 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஓர் ஆணை வெளியிட்டது: விமானத்தின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் உள்ளே ஒரு கணக்கி நிரம்பி வழிந்து, பெட்டிகள் வேலையை நிறுத்திவிடக்கூடும், ஆகவே அவ்வப்போது அணைத்துப் போடுங்கள் என்று. வினாடியை நூறாகப் பிரித்து எண்ணினால் 2³¹ நிரம்ப 248.55 நாள் ஆகும். கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஆய்லரின் 248-உம் இதுவும் ஒன்றா என்று ஒரு நண்பர் ஆர்வமாகக் கேட்டார். இல்லை. அது எட்டு முப்பத்தொன்று, இது ஒரு நாளைக்கு 86400 வினாடி என்பதால் வந்தது.

அந்தக் கடைப் பட்டியல் என்ன ஆயிற்று?

2147483647 ஆகிப்போன எண்களை மீட்கவே முடியாது. தரவுத்தளத்தில் அவை எழுதப்படவே இல்லையே. நல்லவேளையாகக் கடைக்காரர் பில் புத்தகத்தின் கார்பன் பிரதிகளை மூட்டை கட்டிப் பரணில் வைத்திருந்தார். கட்டத்தின் வகையை எழுத்து என்று மாற்றினோம். தொலைபேசி எண்ணை யாரும் கூட்டிக் கழிப்பதில்லை, அதை எண்ணாக வைப்பதற்கே காரணம் கிடையாது. அப்புறம் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டினோம். பழைய பட்டியலில் ஒரே ஒருவருடைய எண் மட்டும் சரியாக இருந்தது. மகள் வீட்டு டெல்லி லேண்ட்லைனைக் கொடுத்துவிட்டுப் போயிருந்த ஒரு பெரியவர்.